மறைசாட்சியின் மண் கேட்கும் கேள்வி

திருப்பயணம் என்றதும் நம் மக்களின் உள்ளத்தில் முதலில் எழுவது நேர்ச்சை. பிள்ளை வரம், பிணி நீக்கம், கடன் தீர்வு, மகளின் திருமணம் என்று ஏதேனும் ஒரு வேண்டுதலைச் சுமந்துகொண்டே நாம் திருத்தலங்களுக்குப் புறப்படுகின்றோம். மெழுகுதிரி ஏற்றுகின்றோம்; முடி காணிக்கை தருகின்றோம்; உருவாரம் படைக்கின்றோம். இவற்றைக் குறைகூற நாம் முனையவில்லை. துன்ப வேளையில் தாயின் மடியை நாடும் பிள்ளையை யார் கடிந்துகொள்வார்? ஆயினும் திருத்தலங்களில் இரு வகை உண்டு. நாம் சென்று கேட்கும் இடங்கள் சில. நம்மை நிறுத்திக் கேட்கும் இடங்கள் சில. இந்த இரண்டாம் வகையைப் பற்றியே இத்திங்கள் சில சொற்கள் எழுத விழைகின்றோம்.

மறைசாட்சி ஒருவர் குருதி சிந்திய மண் இவ்வகையைச் சேர்ந்தது. தொடக்கத் திருச்சபையின் விசுவாசிகள் மறைசாட்சிகளின் கல்லறைகளில் அவர்களது நினைவு நாளன்று கூடினார்கள். மறைசாட்சி இறந்த நாளையே அவருடைய பிறந்த நாள் என்று பெயரிட்டுக் கொண்டாடினார்கள். அவருடைய எலும்புகள் இருந்த இடத்தின்மேல் பலிபீடம் எழுப்பித் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்கள். நாளைக்கே தங்களுக்கும் அதே அழைப்பு வரக்கூடும் என்பதை அறிந்தவர்களாகவே அவர்களுள் பலர் அங்கு நின்றார்கள். அச்சமும் நன்றியும் கலந்த அந்நிலையே மறைசாட்சியின் கல்லறையைத் தரிசிப்போருக்குரிய பழைய நிலை. இன்று நாம் பேருந்தில் ஏறும்போது கட்டுச்சோற்றையும் தண்ணீர்ப் புட்டிகளையும் மறவாமல் எடுத்துக்கொள்கின்றோம். இந்த நிலையைத்தான் பெரும்பாலும் வீட்டிலேயே விட்டுவிடுகின்றோம்.

சென்ற தவக்காலத்தில் எம் பங்கிலிருந்து 52 பேர் இரண்டு நாள் திருப்பயணமாகக் குமரி மாவட்டம் சென்று வந்தோம். புனித தேவசகாயம் பிறந்த ஊர் முதல் அடக்கமான ஆலயம் வரை, அவருடைய வாழ்வின் வரிசையிலேயே இடங்களைக் காண்பது எம் நோக்கம். இவரை நாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இவர் குருவானவர் அல்லர்; துறவியும் அல்லர். மனைவியோடு குடும்பம் நடத்தியவர். அரசுப் பணியில் இருந்தவர். கணக்கும் வழக்கும் அறிந்தவர். இந்திய மண்ணின் பொதுநிலையினருள் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல்வர் இவரே. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிசு அவர்களால் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். குருக்களின் தூய்மையைக் கண்டு வியந்துவிட்டு, "அது சாமியார்களுக்கு உரியது" என்று ஒதுங்கிக்கொள்ளும் பழக்கம் நம் குடும்பத்தாரிடம் உண்டு. தேவசகாயத்தின் முன் அந்தச் சாக்குச் செல்லாது.

முதலில் நட்டாலம் சென்றோம். 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அவர் பிறந்த ஊர் அது. பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் காலத்தில், பத்மநாபபுரத்து அரண்மனைச் சேவையில் பொறுப்பான பணியில் இருந்தவர். செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பம். அவ்வூரில் நின்றபோது அவர் பெற்றவற்றைவிட விட்டுச் சென்றவையே எம் நினைவுக்கு வந்தன. பின்னர் வந்த துன்பங்களின் அளவை அறிய வேண்டுமானால், முதலில் இழந்த இன்பங்களின் அளவை அறிய வேண்டும் அன்றோ?

அங்கிருந்து புலியூர்க்குறிச்சியை அடுத்த உதயகிரிக் கோட்டைக்கு வந்தோம். கோட்டைக்குள் மேற்கூரை இழந்து நிற்கும் பழைய சிற்றாலயம் ஒன்று உண்டு. அதனுள் எய்ஸ்தாக்கியுஸ் டி லனாய் என்பவரின் கல்லறை இருக்கின்றது. 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றபோது மன்னரிடம் சிறைப்பட்டவர் அவர். பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி தந்து, பெருந்தளபதியாக உயர்ந்து, 1777-ஆம் ஆண்டு இறந்தவர். கல்லறையின்மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. நீலகண்டனுக்குக் கிறிஸ்துவை அறிமுகம் செய்தவர் இந்தப் போர்வீரரே.

அறிமுகம் நடந்த விதத்தை எம் மக்களுக்கு அங்கேயே விளக்கினோம். நீலகண்டனின் வீட்டில் அப்போது அடுத்தடுத்து இழப்புகள். கால்நடைகள் மடிந்தன, பயிர் பொய்த்தது. முகம் வாடியிருந்த நண்பரிடம் டி லனாய் எந்த மறையுரையும் நிகழ்த்தவில்லை. அனைத்தையும் இழந்தும் இறைவனை இழக்காத யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். துயருற்ற ஒருவருக்கு நண்பர் ஒருவர் சொன்ன ஒரு கதை! அதிலிருந்து ஒரு புனிதர் தோன்றினார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த எம் பங்கின் ஆசிரியர் ஒருவர், "சாமி, என்னோடு இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கும் நண்பரிடம் நான் ஒருநாள்கூட இறைவனைப் பற்றிப் பேசியதில்லையே" என்றார். நாம் விடை கூறவில்லை. அந்தக் கல்லறை கேட்ட கேள்வி அவரிடம் சரியாகவே போய்ச் சேர்ந்திருந்தது.

அருகிலேயே முட்டிடிச்சான் பாறை. பிற்காலத்தில் காவலர்கள் தேவசகாயத்தை இவ்வழியே இழுத்துச் சென்றபோது, தாகத்தால் தவித்த அவர் செபித்து முழங்கையால் பாறையை இடிக்க, நீர் ஊறியது என்பது மக்களின் நம்பிக்கை. எம் பெண்கள் அந்த நீரைப் புட்டிகளில் நிரப்பிக்கொண்டார்கள். நிரப்பட்டும் என்று பொறுமையோடு காத்திருந்தோம். அவர்கள் ஏறியமர்ந்தபின் ஒன்றுமட்டும் நினைவூட்டினோம்: இந்த நீர் முதலில் பெருகியது விலங்கிட்ட ஒருவரின் தாகத்துக்காக.

மறுநாள் காலையில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து வடக்கன்குளம் சென்றோம். திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் அந்நாளில் திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் இருந்தது. டி லனாய் தம் நண்பரை இவ்வூர் இயேசு சபைக் குருவாகிய புத்தாரி அடிகளாரிடம் அனுப்பிவைத்தார். 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் நீலகண்டன் இங்குத் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்னும் விவிலியப் பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. அவர் மனைவி பார்கவியும் பின்னர்த் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். கணவர் கொல்லப்பட்டபின் 14 ஆண்டுகள் இவ்வூரிலேயே வாழ்ந்து 1766-ஆம் ஆண்டு இறந்தார். அடக்கம் செய்யப்பட்டதும் இம்மண்ணிலேயே. மறைசாட்சியின் துன்பம் ஒரு நாளில் முடிந்தது. சொந்த ஊரும் உறவும் துறந்து, பிழைத்திருப்பதையே சிலுவையாகச் சுமந்த அந்த அம்மையாரை நம்மில் எத்தனை பேர் நினைக்கின்றோம்? எம் பங்கின் கைம்பெண்கள் நால்வர் அவருக்காக ஒரு செபமாலை முழுவதும் முழந்தாளிட்டுச் சொன்னார்கள். அப்பயணத்தில் நாம் கண்ட செபங்களுள் அதுவே மிக நெடியது, மிக அமைதியானது.

வடக்கன்குளத்தில் இன்னொன்றையும் காண வேண்டும். இதற்காகவே இவ்வூரைப் பயணத்தின் நடுவில் வைத்தோம் எனினும் தகும். 1872-ஆம் ஆண்டு இங்குக் கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு கைகள். பீடம் ஒன்று, அதிலிருந்து பிரிந்து செல்லும் மண்டபங்கள் இரண்டு. உயர்ந்தோர் எனத் தம்மைக் கருதியோர் ஒன்றிலும் மற்றவர்கள் மற்றொன்றிலும் அமர்ந்து, ஒருவரையொருவர் காணாமலே ஒரே திருப்பலியைக் காண்பதற்காக அமைந்த கட்டடம் அது. அதன் உருவத்தைக் கண்டு மக்கள் அதனைக் கால்சட்டைக் கோயில் என்றே அழைத்தார்கள். 1910-ஆம் ஆண்டு கௌசானல் அடிகளார் நடுவிலிருந்த தடுப்பை அகற்றினார். வழக்கு நீதிமன்றம் ஏறியது. தீர்ப்புத் தடுப்பை நீக்கியவர் பக்கமே அமைந்தது.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றபின் எடுத்துரைத்தவற்றுள் முதன்மையானது, சாதி வேறுபாடின்றி மனிதர் அனைவரும் ஒன்றே என்பது. தாழ்த்தப்பட்டோரோடு கலந்து பழகினார், அவர்களோடு உண்டார். மேல்நிலையிலிருந்தோரின் சினத்தை அவர்மேல் திருப்பியது இதுவே என்று அவருடைய வரலாறு கூறுகின்றது. திருச்சபையும் அவரைப் புனிதர் வரிசையில் எழுதியபோது பிறந்த குலத்தின் பெயரைச் சேர்க்கவில்லை. இலாசர் என்னும் தேவசகாயம், அவ்வளவே. அத்தகையவர் ஞானப்பிறப்பு அடைந்த அதே ஊரில், 127 ஆண்டுகளுக்குப் பின்னர், அவர் துறந்த பிரிவினையைச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு நாம் எழுப்பினோம். வேற்றார் எவரும் வந்து எழுப்பவில்லை. செபமாலை உருட்டிய கைகளே எழுப்பின.

எம்மோடு வந்த கல்லூரி மாணவர் ஒருவர் இரு மண்டபங்களும் சேரும் மூலையில் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் எம்மிடம் வந்து, "சாமி, இதைக் கட்டியவர்களும் தேவசகாயத்தின் மேல் பக்தி உள்ளவர்கள்தானே?" என்று கேட்டார். "ஆம், தம்பி" என்றோம். "அப்படியானால் பக்தி மட்டும் போதாதா, சாமி?" என்றார். குருமடத்தில் இறையியல் பயின்ற நமக்கு இந்தக் கேள்விக்கு நீண்ட விடைகள் தெரியும். அவற்றுள் எதுவும் அந்த மூலையில் நிற்கும்போது நாவில் எழவில்லை. "போதாது, தம்பி" என்று மட்டும் சொன்னோம். சுற்றி நின்றவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

நண்பகலுக்குப் பின் காற்றாடிமலை ஏறினோம். பெயருக்கேற்ப அங்குக் காற்று ஓய்வதில்லை. ஆரல்வாய்மொழிப் பகுதி முழுவதும் இன்று காற்றாலைகள் சுழல்கின்றன. 1749-ஆம் ஆண்டு பெப்ரவரி 23-ஆம் நாள் சிறைப்பட்ட தேவசகாயம், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் விலங்கோடு அலைக்கழிக்கப்பட்டார். எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். சாட்டையால் அடித்தார்கள், புண்களில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். பெருவிளையில் மரத்தோடு கட்டி வைத்தார்கள். இறுதியில் 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் இந்தக் குன்றின்மேல் சுட்டுக் கொன்றார்கள். அவர் இறந்த வேளையில் உடைந்து ஒலித்தது என்று மக்கள் சொல்லும் மணியடிச்சான் பாறை இன்றும் அங்கு இருக்கின்றது. கல்லால் தட்டினால் மணியோசை எழுகின்றது.

பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகப் பாறையைத் தட்டி மகிழ்ந்தார்கள். கருவூலத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற எம் பங்குப் பெரியவர் ஒருவர் மட்டும் விலகி அமர்ந்திருந்தார். அருகில் சென்றோம். "மூன்று ஆண்டுகள், சாமி" என்றார். "ஒரு நொடியில் உயிரைக் கொடுத்துவிடலாம். ஆயிரம் நாள் தினமும் காலையில் கண்விழித்து, இன்றைக்கும் மறுதலிக்கமாட்டேன் என்று சொல்ல வேண்டுமே. ஒரே ஒரு நாள் ஒரு சொல் மாற்றிச் சொல்லியிருந்தால் பழைய உத்தியோகம் திரும்பியிருக்கும்." நாற்பதாண்டுக் காலம் கோப்புகளோடு வாழ்ந்தவருக்கு, ஒரு சொல்லை மாற்றினால் எவ்வளவு கிடைக்கும் என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர் அன்று மலையிலிருந்து இறங்கியவுடன் ஒப்புரவு அருள்சாதனம் பெற வந்தார் என்பதற்குமேல் எழுத நமக்கு உரிமை இல்லை.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துவது நம் கடமை. மறைசாட்சியின் மண்ணுக்குச் செல்வது, அவரைக் கொன்றவர்களின் வழிவந்தோரை வெறுக்கக் கற்றுக்கொள்வதற்கன்று. பழைய காயங்களைக் கீறிவிட்டுப் பிற சமயத்தாரைப் பழித்துப் பேசினால், மலை ஏறிய பயனை இறங்கும்போதே இழந்தவர்களாவோம். அந்த அரசின் எல்லைக்குள்தான் டி லனாய் மதிப்போடு வாழ்ந்து, ஆலயத்தில் அடக்கமும் ஆனார் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

மாலையில் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் பயணம் நிறைவுற்றது. காட்டில் எறியப்பட்ட உடலின் எலும்புகளை விசுவாசிகள் சில நாள்களுக்குப் பின் தேடி எடுத்து வந்து, இங்குப் பீடத்தின்முன் அடக்கம் செய்தார்கள். திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். நற்கருணை பெற வந்தவர்கள் அந்தக் கல்லறையைக் கடந்தே பீடத்தை அணுகினார்கள். தொடக்கத் திருச்சபையினர் கண்ட காட்சி இதுவே.

இனி, எம் பங்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதி உண்மையோடு நின்றுவிடும். இறந்தோரைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு செல்லும் தூம்பா எம் பங்கில் இரண்டு உண்டு. ஒன்று மேலத்தெருவாருக்கு, மற்றொன்று கீழத்தெருவாருக்கு. புறப்பட்ட நாளில் பேருந்தின் முன் இருக்கைகளில் ஒரு தெருவாரும் பின் இருக்கைகளில் மற்றத் தெருவாரும், யாரும் சொல்லாமலே, அமர்ந்திருந்தார்கள். திரும்பும் இரவில், பின்னால் இருந்த மூதாட்டி ஒருவர் வாந்தியெடுத்துச் சோர்ந்துவிட்டார். மேலத்தெருப் பெண் ஒருவர் எழுந்து சென்று, "இங்கே குலுக்கல் அதிகம், முன்னால் வாங்க அத்தை" என்று கைபிடித்து அழைத்து வந்து, தம் மடியில் தலைவைத்துப் படுக்கச் செய்தார். அத்தை என்ற அந்தச் சொல்லைப் பேருந்து முழுவதும் கேட்டது. அதனைப் பற்றி எவரும் வாய்திறக்கவில்லை, நாமும் திறக்கவில்லை.

உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் பங்குப் பேரவையில் தூம்பாவைப் பற்றிய பேச்சை எடுத்தோம். வடக்கன்குளத்தில் எம்மைக் கேள்வி கேட்ட மாணவரும், கருவூலப் பெரியவரும் ஒன்றே போதும் என்று உறுதியாகப் பேசினார்கள். முதியோர் சிலர், "எங்கள் காலம் முடியட்டும், சாமி, அதற்குப்பின் மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார்கள். அவர்கள் காலம் முடியும்போது தேவைப்படும் பொருளே அது என்பதை நினைத்து உள்ளூர நகைப்பும் வருத்தமும் கொண்டோம். முடிவு எதுவும் எட்டப்படவில்லை. இதனை எழுதும் இந்நாளிலும் தூம்பாக்கள் இரண்டாகவே நிற்கின்றன. திருப்பயணம் பயனற்றுப்போயிற்று என்று நாம் கருதவில்லை. கேள்வி எழுந்துவிட்டது, எழுந்த கேள்வி இனி எம் ஊரில் உறங்காது.

மறைசாட்சிகளின் தலங்களுக்குச் செல்ல விரும்பும் குடும்பத்தாருக்கு மூன்று எளிய யோசனைகள் கூறுவோம். முதலாவது, புறப்படுமுன் அப்புனிதரின் வரலாற்றை வீட்டில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். வரலாறு அறியாமல் பார்த்த கல் வெறும் கல்லே. இரண்டாவது, ஒவ்வொரு தலத்திலும் படம் எடுப்பதற்கு முன் கால்மணி நேரமாவது பேசாமல் அமர்ந்திருங்கள். பிள்ளைகளையும் அமரச் செய்யுங்கள். அவர்கள் நாம் நினைப்பதைவிட நன்றாக அமர்வார்கள். மூன்றாவது, திரும்பி வரும்போது புனித நீரும் மண்ணும் படமும் கொண்டு வருவதோடு, வீட்டிலோ தெருவிலோ பங்கிலோ மாற்ற வேண்டிய ஒன்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள். ஒன்று போதும். அதனைச் செய்து முடித்தபின் அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்கலாம்.

புனித தேவசகாயத்தின் திருநாள் சனவரி 14. நம் பொங்கலையொட்டி வருவது. இறைவன் திருவுளம் கொண்டால், அடுத்த திருநாளுக்கு எம் பங்கிலிருந்து மீண்டும் ஒரு பேருந்து காற்றாடிமலைக்குப் புறப்படும். இம்முறை இருக்கைகளைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்குவது என்று இளைஞர்கள் கேட்டுக்கொண்டார்கள், நாமும் இசைந்தோம். பெயர் கொடுத்தவர்கள் இதுவரை 31 பேர். அவர்களுள், தங்கள் காலம் முடியட்டும் என்று சொன்ன முதியோர் இருவரும் உள்ளனர். அவர்களுக்காகவும், எம் பங்குக்காகவும், இதனை வாசிக்கும் ஒவ்வொரு குடும்பமும் இன்றிரவுச் செபத்தில் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுமாறு அன்போடு வேண்டுகின்றோம்.